மருதாத்தாள் ஒன்பதாவது படித்த வருஷம்

என் இரண்டாவது மகள் மருதாத்தாளுக்குப் பேச்சு குறைவு. கோபம் வந்தால் வாசலை இரண்டு தரம் கூட்டுவாள். சந்தோஷம் வந்தாலும் இரண்டு தரம் கூட்டுவாள். எதற்காகக் கூட்டுகிறாள் என்று தெரிய வேண்டுமானால் முன்னால் போய் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். எழுபத்து மூன்றாம் வருஷம் பங்குனி சித்திரையில் அவள் வாசலைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். முகம் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. எட்டாவது முடித்துவிட்டாள், ஒன்பதாவது போகப் போகிறாள்.

எங்களுக்கு மீனாட்சிபுரத்தை ஒட்டி மூன்று ஏக்கர் கடலைக்காடு, முப்பது தென்னை, இரண்டு எருமை. ஊர் கேரளத்தில் இருக்கிறது, பேச்சும் உறவும் பொள்ளாச்சிப் பக்கம். எனக்கு எழுத்து தெரியாது. என் வீட்டுக்காரர் அர்த்தநாரிக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அதிலும் கடைசி எழுத்து வந்து சேர வெகுநேரம் ஆகும். மூத்தவள் பூவாத்தாள் ஐந்தாவதோடு நின்றாள். நாங்கள் நிறுத்தவில்லை, அவளாகவே நின்றுகொண்டாள். மருதாத்தாள் அப்படி இல்லை. வெல்லம் கட்டி வந்த காகிதத்தை முதலில் வாசித்து முடித்துவிட்டுத்தான் வெல்லத்தைப் பானையில் போடுவாள். உரச் சாக்கில் அச்சடித்திருப்பதைக்கூட விட மாட்டாள். “இதுல என்ன அம்மிணி எழுதியிருக்குது?” என்று கேட்டால், “ஈரம் படாம வெக்கோணுமாம்” என்பாள். “அது எனக்கே தெரியுமே, இதுக்கா அச்சடிச்சாங்க?” என்பேன். சிரிப்பாள்.

இரண்டு மைல் தள்ளி ஒரு ஹைஸ்கூல். அங்கே மலையாளத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வகுப்பிலும் மூன்று பிரிவு, தமிழுக்கு ஒன்று. எட்டாவது ஓலைக் கொட்டகையில் நடந்தது. ஒன்பதாவதுக்கு ஓட்டுக் கட்டிடம். இந்த ஓட்டுக் கட்டிடத்தைப் பற்றி அவள் சொல்லாத நாள் கிடையாது.

“ஒம்பதாவதுல கண்ணாடி பீரோ ஒண்ணு இருக்குதும்மா. உள்ள சீசா சீசாவா வெச்சிருக்காங்க.”

“என்ன சீசா? எண்ணெயா?”

“அது கெமிஸ்ட்ரி. தனிப் புஸ்தகம், தனி வாத்தியாரு. கணக்குலயும் எழுத்து வருமாம்.”

“கணக்குல எழுத்து வந்தா எழுத்துல என்ன வரும்?” என்று அவள் அப்பா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

“போங்கப்பா.”

மேலே படிக்கிற ஒரு பெண்ணிடம் ஒன்பதாவதின் பழைய புத்தகங்களை வாங்கி வந்து அட்டை போட்டாள். கோடை லீவில் எருமையை வாய்க்கால் மேட்டில் விட்டுவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னமே சரித்திரப் புத்தகம் பாதி அவளுக்கு மனப்பாடம். பத்தாவது எழுதினால் கெட்டி அட்டையில் ஒரு புத்தகம் தருவார்களாம், அதில் அவள் பேரும், அப்பா பேரும், ஒவ்வொரு பாடத்தின் மார்க்கும் இருக்குமாம். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் என்று பேர். அதை வாங்கிவிட்டால் வாத்தியாரம்மா டிரெயினிங் போகலாம். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரே ஒரு புத்தகம். வளையல் கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை.

தமிழ்ப் பிரிவை நடத்தியவர் ஏசுரத்தினம் வாத்தியார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். சைக்கிளின் குறுக்குக் கம்பியில் குடையைக் கட்டிக்கொண்டு வருவார். கோடையிலும் அந்தக் குடை இருக்கும். ஒருநாள் எங்கள் வீட்டில் மோர் குடித்துக்கொண்டே மருதாத்தாளிடம் சொன்னார்:

“எட்டு வரைக்கும் பள்ளிக்கூடம் பிள்ளைகளைத் தூக்கிட்டுப் போவும். ஒம்பதுல கீழ எறக்கி விட்டுரும். அங்க இருந்து நீதான் நடக்கணும், பாத்துக்க.”

“நடந்துருவேன் சார்.”

“நடந்துருவே. ஆனா பத்தாவதுல நல்ல ரிசல்ட் காட்டணும்னு ஒம்பதுலயே பாதிப் பேர நிறுத்திப்போடுவாங்க. எட்டு மாதிரி எல்லாரையும் ஏத்திவிட மாட்டாங்க. ஒம்பதத் தாண்டிட்டா நீ பத்து எழுதுன மாதிரிதான்.”

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. தமிழ் ஒன்பதாவதில் பத்தொன்பது பிள்ளைகள். மருதாத்தாள் தாவணி போட்டுக்கொண்டு ஓட்டுக் கட்டிடத்துக்குப் போனாள். வந்து, “கண்ணாடி பீரோவுக்குப் பூட்டுப் போட்டிருக்காங்கம்மா. ஆனா வெளிய நின்னு பாக்கலாம்” என்றாள்.

இங்கேதான் நான் வருகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். இதை எழுதிக்கொள்கிற பூவாத்தாள் மகள், “உங்களைப் பத்தி இத்தனை எழுதோணுமா அம்மிச்சி?” என்கிறாள். எழுது என்றேன்.

பூவாத்தாளுக்கு அந்தத் தையில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி ஆனைமலைப் பக்கம். எங்களில் கல்யாணமான முதல் வருஷம் ஆடி ஒன்றாம் தேதி மகளும் மாப்பிள்ளையும் பெண்வீட்டுக்கு வருவார்கள். தலை ஆடி நோம்பி. மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, புதுத்துணி கொடுத்து, இலை போட வேண்டும். எங்கள் வீட்டு முறைப்படி மாப்பிள்ளை வாசலில் கால் வைக்கும்போது தண்ணீர் ஊற்றுவதும், இலையில் முதல் இனிப்பு வைப்பதும் கொழுந்தியாள்தான். கொழுந்தியாள் இல்லாத வீட்டில்தான் வேறு யாரையாவது கூப்பிடுவார்கள். எனக்கு மருதாத்தாள் இருந்தாள்.

நோம்பிக்கு முதல் நாள் காலையில் ஏசுரத்தினம் வாத்தியார் சைக்கிளை வேலியில் சாய்த்தார். நான் கச்சாயப் பலகாரத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா, நாளைக்கு ஆபீசர் தலை எண்ண வாறாரு. பிள்ளைய எப்படியும் அனுப்பிருங்க.”

“என்ன தலைங்க?”

“ஒவ்வொரு பிரிவுலயும் எத்தனை பிள்ளைங்கன்னு நேர்ல வந்து எண்ணுவாரு. தமிழ் ஒம்பதாவதுக்குப் பதினஞ்சு தலை வேணும். இல்லைன்னா அந்தப் பிரிவையே எடுத்துருவாங்க.”

“நாளைக்குங்களா? நாளைக்கு ஆடி ஒண்ணுங்க வாத்தியாரே. மாப்பிள்ளைக்குத் தலை நோம்பி. ஊடு நெறைய ஒறம்பரை.”

“நோம்பி வருசா வருசம் வரும்மா.”

“தலை நோம்பி வருசா வருசம் வராதுங்களே.”

அவர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “ஒரு மணி நேரம் போதும். பதினோரு மணிக்கு வந்து எண்ணிட்டுப் போயிருவாரு.”

“பதினோரு மணிக்குத்தானுங்க மாப்பிள்ளையும் வர்றாங்க. அப்பறம் ஆபீசரை மறுநாள் வரச் சொல்லுங்க. எங்க புள்ளைங்க எங்க ஓடிப் போயிருது?”

“அவரு வர மாட்டாரும்மா.”

“ஏன் வர மாட்டாரு? மாட்டுக்கு ஊசி போடறவங்க வர்றப்ப மாடு மேய்ச்சலுக்குப் போயிருந்தா, மறுநாள் வந்து போட்டுட்டுத்தானே போறாங்க?”

வாத்தியார் சிரித்துவிட்டார். “மாட்டுக்கும் பிள்ளைக்கும் கவர்மெண்டுல வேற வேற ஆளும்மா.”

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமிருந்து, “அவ சொன்னாக் கேக்க மாட்டா சார். நானே இருவது வருசமாச் சொல்லிப் பாத்துட்டேன்” என்றார்.

“நீங்க சும்மா இருங்க” என்றேன்.

வாத்தியார் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. எங்கள் தெருவில் மருதாத்தாளோடு சேர்த்து ஒன்பதாவது படிக்கிறவர்கள் ஆறு பேர். நான் அனுப்பினால்தான் மற்ற வீட்டுக்காரர்களும் அனுப்புவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் முதலில் என்னிடம் வந்திருக்கிறார். “நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார். அவர் அப்படிக் கெஞ்சியதே எனக்கு ஒரு வீம்பைக் கொடுத்தது. பக்கத்து வீட்டு மூன்று பெண்கள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படி, “நோம்பி அன்னைக்கு எங்க தெருவுல இருந்து ஒரு புள்ளையும் வராதுங்க. ஆபீசருக்கு நம்ம நோம்பி தெரியோணுமல்ல? அவரு பாத்து நாள் மாத்திக்கட்டும்” என்றேன். அவர்கள் தலையாட்டினார்கள். வாத்தியார் மோரைக் குடிக்காமலே போனார்.

மறுநாள் விடிகாலையில் மருதாத்தாள் குளித்து, தாவணி கட்டி, புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, நான் ஓடிப் போயிட்டு ஓடி வந்தர்றேன்.”

“பைய வெய்யி.”

“பத்தொம்பது பேருல பதினஞ்சு வேணுமாம்மா. நம்ம தெருவுல ஆறு பேரு.”

“ஆபீசரு நாளைக்கு வருவாரு.”

“வர மாட்டாரும்மா.”

“நீயும் அந்த வாத்தியார மாதிரியே பேசற. அக்கா புருசன் வாசல்ல காலு வெக்கறப்ப யாரு தண்ணி ஊத்தறது? எருமையா?”

அவள் பையை வைத்துவிட்டு விளக்குமாறை எடுத்தாள்.

பத்தரைக்கே மாப்பிள்ளை வந்துவிட்டார். மருதாத்தாள் செம்பைச் சாய்த்த வேகத்தில் அவர் வேட்டி முழங்கால் வரை நனைந்தது. “கொழுந்தியா ஊத்தறதப் பாத்தா என்னைய ஆனைமலைக்கே அடிச்சுட்டுப் போயிரும் போல இருக்குதே” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வேப்பமரத்தில் தூரி கட்டியிருந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். தெருவிலே எல்லா வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி வாசனை.

பதினொன்றரை இருக்கும். பள்ளிக்கூடத்துப் பியூன் செபாஸ்டின் சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

“ஆபீசர் வந்தாச்சும்மா. மலையாளம் கிளாஸ் எல்லாம் எண்ணிட்டு இருக்காரு. கடைசியாத்தான் தமிழுக்கு வருவாரு, வாத்தியாரு எப்படியோ இழுத்துட்டு இருக்காரு. பிள்ளைங்கள சைக்கிள்ல ஏத்தி விடுங்க, ரெண்டு நடையில கொண்டுபோயிடறேன்.”

“எலை போட்டாச்சு செபாஸ்டின். நீயும் உக்காரு, சாப்பிட்டுட்டு எல்லாத்தையும் ஒண்ணாக் கூட்டிட்டுப் போ.”

“சாப்பிட வரலைம்மா நானு.”

மருதாத்தாள் பாயசப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளை இலையின் முன்னால் உட்கார்ந்தாயிற்று, இனிப்பு இன்னும் வைக்கவில்லை. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் குனிந்து இலையில் இனிப்பை வைத்தாள். செபாஸ்டின் அடுத்த வீட்டுக்குப் போய்க் கேட்டான். “கமலாத்தாக்கா புள்ள போகுதா?” என்று அங்கே என் பேரைச் சொல்லிக் கேட்டார்கள். இல்லை என்றான். அங்கேயும் அனுப்பவில்லை.

பந்தி முடிந்ததும் மருதாத்தாளைக் காணோம். கையைக்கூடக் கழுவாமல் ஓடியிருக்கிறாள். இரண்டு மைல். பாதி வழியில் ஜீப் எதிரே வந்ததாம். புழுதிக்கு ஒதுங்கி, வேலியோடு ஒட்டி நின்றாளாம். உள்ளே இருந்தவர் மடியில் காகிதக் கட்டு இருந்ததாம். அவள் சொன்னது அவ்வளவுதான்.

அன்று தமிழ் ஒன்பதாவதில் இருந்த தலை ஒன்பது.

ஆபீசர் மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நான் வாசலைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் இருந்தேன். ஆடி முடியும் முன் உத்தரவு வந்தது. தமிழுக்கு ஒன்பதாவது கிடையாது, வேண்டுமென்றால் மலையாளப் பிரிவில் உட்காரலாம். ஏசுரத்தினம் வாத்தியாரை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். போகும் முன் வந்தார். இந்தத் தரம் மோரைக் குடித்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

“ஒம்பது பேரு இருந்தாங்கம்மா. உங்க தெருவுல ஆறு. கணக்கு சரியா வந்திருக்கும்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நோம்பிய நானா கண்டுபிடிச்சேன்?” என்றேன். அதுதான் வாயில் வந்தது.

பையன்கள் எங்கள் பக்கத்துச் சித்தூருக்கு பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள், அங்கே தமிழ் இருந்தது. இரண்டு பேர் பொள்ளாச்சியில் மாமன் வீட்டில் தங்கினார்கள். பெண்கள் நான்கு பேரில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மருதாத்தாளையும் சித்தூருக்கு அனுப்பலாம் என்று நான்தான் வாயெடுத்தேன். அவள் அப்பா, “காலைல ஒரு பஸ்ஸு, சாயங்காலம் ஒரு பஸ்ஸு. தவறிப்போச்சுன்னா வயசுப்புள்ள எங்க நிக்கும்? உன் பேச்சக் கேட்டது போதும்” என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மருதாத்தாள் நிற்கவில்லை. “நான் மலையாளத்துலயே உக்காந்துக்கறேன்” என்றாள். எங்கள் ஊரில் மலையாளம் பேசத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பஞ்சாயத்து ஆபீசுக்கு அதுதான். ஆனால் வாசிக்க யாருக்குத் தெரியும்? அவளுக்கும் தெரியாது. அவள் அட்டை போட்டு வைத்திருந்த தமிழ்ப் புத்தகங்கள் ஒரே நாளில் உதவாமல் போயின.

புரட்டாசியில் ஒருநாள் அவள் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக உருண்டை உருண்டையாக எழுத்து. ஒரு அடித்தல் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அழகு தெரியாதா?

“எத்தனை லட்சணமா எழுதியிருக்கற அம்மிணி! தமிழவிட இது உனக்கு நல்லா வருதே.”

“அது எழுதுனது இல்லம்மா. போர்டுல இருக்கறதப் பாத்து வரைஞ்சது.”

“வரைஞ்சதா?”

“என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. உனக்கு எப்படியோ அப்படித்தான் எனக்கும்.”

நோட்டை மூடி வைத்தேன். அன்று எருமைக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சில் ஒரு நாயர் வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் சோற்றுப் பொழுதில் அந்தப் பெண் பாடத்தைச் சத்தமாக வாசிப்பாள், இவள் காதால் கேட்டு மனப்பாடம் செய்வாள். அதற்குக் கூலி எங்கள் வீட்டு நிலக்கடலை. மாசி வரும்போது சரித்திரமும் பூகோளமும் சயன்சும் மலையாளத்தில் கடகடவென்று சொன்னாள். இரவு கேட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா, “இவ என்னடி, ரேடியோ மாதிரிச் சொல்றா” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. தாண்டிவிடுவாள் என்று நினைத்தேன். எழுத்து மட்டும் அவளுக்கு முழுசாகப் பிடிபடவில்லை. பாதி எழுத்து தெரியும், கூட்டெழுத்து வந்தால் கை நின்றுவிடும்.

பங்குனியில் பெரிய பரீட்சை. முதல் பரீட்சை முடிந்து வந்தவளைக் கேட்டேன்.

“எல்லாம் தெரிஞ்சுதாம்மா. ஒண்ணு விடாம எழுதிட்டேன்.”

“மலையாள எழுத்துலயா?”

“மலையாளந்தான். எழுத்துக்கு நேரம் பத்தலை. தமிழ் எழுத்துல எழுதிட்டேன். வாசிச்சா மலையாளமாத்தான் வரும்.”

நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். சொல்லப்போனால் அவள் தலையைத் தடவினேன். மறு பரீட்சைகளையும் அப்படியே எழுதினாள். கணக்கில் நல்ல மார்க்கு, அதில் எண்தானே. தமிழ் எழுத்தில் எழுதிய பாடம் எல்லாவற்றுக்கும் முட்டை.

சித்திரையில் ஜெயித்தவர்கள் பேரை ஒட்டினார்கள். மருதாத்தாள் பேர் இல்லை. நான் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு டீச்சர் நல்ல பெண். என்னை உட்காரச் சொன்னாள், பரீட்சைத் தாளை எடுத்து விரித்துக் காட்டினாள்.

“ஞான் எந்து செய்யும் அம்மே? எனிக்கு இது வாயிக்கான் அறியில்லல்லோ” என்றாள். தனக்கு இதை வாசிக்கத் தெரியாதே, என்ன செய்வேன் என்கிறாள்.

“உங்களுக்கு வாசிக்கத் தெரியலீன்னா அவளையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்க டீச்சர். அத்தனையும் உங்க பாசையிலதான் இருக்குது. அவ வாசலிலதான் நிக்கறா.”

டீச்சர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். மருதாத்தாள் அந்தக் கண்ணாடி பீரோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள். மருதாத்தாள் வாசித்தாள். நான் டீச்சரின் முகத்தையே பார்த்தேன். இரண்டு கேள்வி முடிவதற்குள் அவள் கண் நிறைந்துவிட்டது.

“எல்லாம் சரியாணு” என்றாள்.

“அப்ப மார்க்குப் போடுங்க.”

தாளைத் தூக்கிக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே பேச்சு மட்டும் கேட்டது. திரும்பி வந்து, ஒன்பதாவது நடத்துகிற தமிழ் வாத்தியார் ஒருவர் இருந்திருந்தால் திருத்தச் சொல்லியிருக்கலாம், இப்போது இந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒருவரும் இல்லை, வேறு வகுப்பு வாத்தியார் திருத்தக் கூடாது, ஒருத்திக்கு விட்டுக்கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றாள். அந்தத் தமிழ் வாத்தியார் ஏன் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மருதாத்தாளுக்கும் தெரியும். திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் நடந்தேன்.

மறுவருஷமும் ஒன்பதாவதுக்கே போகச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்தேன். புதுத் தாவணி எடுத்துக் கொடுத்தேன். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு ஆவணி வரைக்கும் உட்கார்ந்தாள். ஓணம் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அவள் கிளம்பவில்லை. பொடக்காளியில் சாணி தட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், அன்று அவளுக்குச் சோறு போடாமல்கூட இருந்து பார்த்தேன். தட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டு, எனக்கும் அப்பாவுக்கும் அவளே சோறு போட்டாள். அவ்வளவுதான், படிப்பு முடிந்தது. என் பிடிவாதம்தான் அவளுக்கும் வந்திருந்தது. அது என்றைக்கு வந்திருக்க வேண்டுமோ அன்றைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழுக்கு ஒன்பதாவது வரவே இல்லை. எட்டாவது முடித்தால் எங்கே போவது என்று பயந்து, பலர் பிள்ளைகளை ஒன்றாவதிலேயே மலையாளத்தில் சேர்த்தார்கள். மருதாத்தாள் களை வெட்டினாள், பால் கறந்தாள், அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு ஆனைமலை போய் வந்தாள். பேச்சு இன்னும் குறைந்தது. இரண்டு கல்யாணப் பேச்சு வந்து சாதகத்தில் தட்டிப்போயிற்று. மத்தியானத்தில் ஒரு பழைய மலையாளப் பத்திரிகையை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டிக்கொண்டிருப்பாள். “இப்ப எதுக்கு அம்மிணி அது?” என்று கேட்டேன். “சும்மா” என்றாள்.

எழுபத்தெட்டில் பக்கத்து ஊருக்குப் பாலவாடி வந்தது. சின்னக் குழந்தைகளை வைத்துப் பாட்டுச் சொல்லிக் கஞ்சி ஊற்றுகிற இடம். அங்கே டீச்சர் வேலைக்கு எங்கள் பக்கத்துப் பெண்தான் வேண்டுமாம். தமிழும் மலையாளமும் தெரிந்திருக்க வேண்டும். பத்தாவது பாஸ் கூட வேண்டாம், பத்தாவது எழுதித் தோற்றிருந்தால் போதும். சாயாக்கடையில் இதைக் கேட்டுவிட்டு அவள் அப்பா ஓடிவந்தார், மேல் துண்டு வழியில் விழுந்ததுகூடத் தெரியாமல். மருதாத்தாள் அன்று வாசலைக் கூட்டவில்லை. பெட்டியைத் திறந்து, அக்கா கொடுத்த பச்சைச் சேலையை எடுத்து நீவி வைத்தாள்.

நானும் கூடப் போனேன். ஆபீசில் வழுக்கைத் தலையோடு ஒரு சார். முதலில் ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். பிறகு ஒரு மலையாளப் புத்தகம். அதையும் வாசித்தாள், ஒரு இடத்தில்கூட நிற்காமல். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவள் முழுசும் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று. சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம், “இதுமதி, இதுமதி” என்றார். இந்தப் பெண்ணே போதும் என்று அர்த்தம். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகம் தா மோளே.”

“இல்லீங்க.”

“தோத்ததா இருந்தாலும் குழப்பமில்லை. எத்தனை பாடத்துல தோத்தாலும் சரி.”

“தோக்கலீங்க. தோக்கறதுக்குப் பத்தாவது போகவே இல்லீங்க. ஒம்பதுலயே நின்னுட்டேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “தோத்திருந்தா தந்திருப்பேன்” என்றார். “ஒரு பாடத்துல பாஸாகலைன்னாலும் தந்திருப்பேன்.”

நான் எழுந்தேன். “ஏனுங் சார், அது அவ தப்பில்லீங்க, ஒரு ஆடி நோம்பி அன்னைக்கு...”

மருதாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். “எந்திரிச்சுட்டல்ல, வாம்மா.”

வெளியே மரத்தடியில் இன்னொரு பெண் காத்திருந்தாள். மருதாத்தாளைவிட இரண்டு வயது சின்னவள். கையில் கெட்டி அட்டைப் புத்தகம். பத்தாவதில் நான்கு பாடம் தோற்றவள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நல்ல பெண்தான், குழந்தைகளை அடிக்க மாட்டாள் என்கிறார்கள். மருதாத்தாள் அவளிடம், “தமிழ்ல ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுவாரு. பயப்படாத, லேசாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வழியில் நான்தான் பேசினேன். “நாளைக்கு அந்தச் சாரோட ஊட்டுக்கே போறேன். ஒரு தூக்கு நெய்யக் கொண்டுபோயி, நடந்ததச் சொல்லி...”

“வேண்டாம்மா.”

“சொன்னா மனுசனுக்குப் புரியாதா?”

“நீ பேசுனதெல்லாம் போதும்” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

நோம்பி வைத்ததில் தப்பில்லை என்று இன்றைக்கும் யார் கேட்டாலும் சொல்வேன். மருதாத்தாளிடம் அதைச் சொன்னதில்லை. வேறு எதையும் சொன்னதில்லை. அன்று வழியில் சொல்லியிருக்கலாம். இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்தேன். எதிரே பஸ் வந்தது, ஒதுங்கினோம். பிறகு எங்கள் காடு வந்துவிட்டது.

கடலையில் கோரை மண்டிக் கிடந்தது. நாங்கள் வர நேரமாகும் என்று அவள் அப்பா தனியாகக் களை வெட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். மருதாத்தாள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி களைக்குக் குனிந்துகொண்டார். அவள் வீட்டுக்குப் போகவில்லை. பச்சைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, வரப்பில் கிடந்த களைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்து வரிசையில் இறங்கினாள். “சேலைய மாத்திட்டு வா அம்மிணி, மண்ணாயிரும்” என்றேன்.

“ஆகட்டும்” என்றாள்.